திருநர் திருமணம், குடும்பம், சொத்து: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநங்கைகள், திருநம்பிகள் (பிறப்பில் பெண் என்று குறிக்கப்பட்டு ஆணாக வாழ்பவர்கள்), அவர்களைக் காதலிப்பவர்கள், அவர்களைப் பெற்றவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பதில்கள் இந்தியச் சட்டத்தை, குறிப்பாகத் தமிழ்நாட்டில் அது நடக்கும் விதத்தை ஒட்டியவை. இன்றைய சட்டம் திருநரின் திருமணத்தை ஓரளவுக்கு ஏற்கிறது. அவர்களின் குடும்பத்தை இன்னும் முழுதாக ஏற்கவில்லை. அந்த இடைவெளியில் விழாமல் இருக்க என்னென்ன காகிதங்களைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பதுதான் கீழே உள்ளவற்றில் பெரும்பகுதி.

ஒரு திருநங்கை ஆணைத் திருமணம் செய்தால் அது சட்டப்படி செல்லுமா?

செல்லும். இதில் சந்தேகம் வேண்டாம். இந்தக் கேள்விக்கு முதலில் தெளிவான விடை கிடைத்ததே தமிழ்நாட்டில்தான்.

2018 அக்டோபர் 31 அன்று தூத்துக்குடி சங்கரராமேஸ்வரர் கோயிலில் ஓர் ஆணும் ஒரு திருநங்கையும் திருமணம் செய்துகொண்டார்கள். பதிவு செய்யப் போனபோது இணைச் சார்பதிவாளர் மறுத்தார். மாவட்டப் பதிவாளரிடம் போனார்கள்; அங்கேயும் மறுப்பு. இந்து திருமணச் சட்டம் மணமகள் என்று சொல்வது பெண்ணை மட்டுமே, திருநங்கை அதில் வரமாட்டார் என்பது அரசுத் தரப்பின் வாதம். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் 2019 ஏப்ரல் 22 அன்று அந்த வாதத்தைத் தள்ளினார். 1955ஆம் ஆண்டுச் சட்டத்தை இன்றைய நிலைக்கு ஏற்பப் படிக்க வேண்டும், மணமகள் என்பதில் திருநங்கையும் அடங்குவார், திருமணத்தைப் பதிவு செய்யுங்கள் என்று உத்தரவிட்டார். அருண்குமார் எதிர் பதிவுத்துறைத் தலைவர் என்பது வழக்கின் பெயர். எண்: ரிட் மனு (மதுரை) 4125/2019. இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பதிவு அலுவலகத்தில் தேவைப்படும்.

இந்தத் தீர்ப்பின் இன்னொரு பாதியைப் பலர் கவனிப்பதில்லை. இடைப்பாலினக் குழந்தைகளுக்கு (ஆண், பெண் என்று தெளிவாகப் பிரிக்க முடியாத உடற்கூறோடு பிறந்தவர்களுக்கு) பால் மாற்று அறுவை சிகிச்சை செய்வதைத் தடுக்க வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. அதே ஆண்டு ஆகஸ்டில் உயிருக்கு ஆபத்தான நிலை தவிர மற்ற நேரங்களில் அதைத் தடை செய்து தமிழ்நாடு அரசு ஆணை வெளியிட்டது. திருமணத்தைப் பதிவு செய்யச் சொல்லிப் போட்ட ஒரு வழக்கு, பேசத் தெரியாத குழந்தைகளையும் காப்பாற்றியிருக்கிறது.

திருநம்பி ஒரு பெண்ணைத் திருமணம் செய்யலாமா? திருநம்பியும் திருநங்கையும்?

செய்யலாம். 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சுப்ரியோ வழக்கில் தீர்ப்பளித்தது. தன்பாலினத் திருமணத்தை அது ஏற்கவில்லை என்பதுதான் செய்தியாகப் பரவியது. ஆனால் ஆண் – பெண் உறவில் இருக்கும் திருநருக்கு, மதவாரியான தனிச் சட்டங்கள் உட்பட, இப்போதுள்ள திருமணச் சட்டங்களின்கீழ் திருமணம் செய்யும் உரிமை உண்டு என்பதில் ஐவரும் ஒன்றுபட்டிருந்தார்கள். திருநங்கையும் ஆணும், திருநம்பியும் பெண்ணும், திருநம்பியும் திருநங்கையும் என்று மூன்று இணைகளும் இதில் அடக்கம். மதுரைக் கிளையின் தீர்ப்பு தமிழ்நாட்டில் திறந்த கதவை இது நாடு முழுக்கத் திறந்தது.

வயது: மணமகனாக நிற்பவருக்கு 21, மணமகளாக நிற்பவருக்கு 18.

ஒரு திருநங்கையும் ஒரு பெண்ணும், அல்லது இரண்டு திருநம்பிகள்?

இன்றைய சட்டத்தில் முடியாது. சுப்ரியோ தீர்ப்பை மறு ஆய்வு செய்யக் கோரிய மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடியாகிவிட்டன. இது அநீதி என்பது என் கருத்து. ஒருவரின் பாலினத்தை மதிப்பதாகச் சொல்லும் சட்டம், அவர் யாரோடு வாழ்கிறார் என்பதை மட்டும் மதிக்க மறுக்கிறது.

சேர்ந்து வாழ்வது குற்றமில்லை. 2025 மே மாதம், தன்பாலின இணை ஒன்றின் ஆட்கொணர்வு வழக்கில் (அடைத்து வைக்கப்பட்டவரை நீதிமன்றத்தில் நிறுத்தக் கோரும் வழக்கு), குடும்பம் அமைக்கத் திருமணம் மட்டுமே வழி இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு சொல்லியிருக்கிறது. அதற்கு முன்பே, 2023இல், இப்படிப்பட்ட இணைகளுக்குக் 'குடும்ப இணைவு ஒப்பந்தம்' போன்ற ஒரு பதிவு முறையைக் கொண்டுவருவது பற்றி யோசிக்கும்படி நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் மாநில அரசிடம் கூறினார். அது வரும் என்று காத்திருக்காமல் செய்யக்கூடியவை உண்டு. 2024 ஆகஸ்டில் மத்திய நிதி அமைச்சகம், இந்த இணைகள் கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கவும் ஒருவரை ஒருவர் நாமினியாக நியமிக்கவும் எந்தத் தடையும் இல்லை என்று தெளிவுபடுத்தியது. கூட்டுக் கணக்கு, நாமினி, உயில், வாடகை ஒப்பந்தத்தில் இருவர் பெயர் என நான்கையும் முடித்துவிடுங்கள்.

திருமணத்துக்கு அறுவை சிகிச்சை செய்திருக்க வேண்டுமா? சான்றிதழ் வேண்டுமா?

2014 ஏப்ரல் 15 அன்று, தேசியச் சட்டப் பணிகள் ஆணையம் (நால்சா) தொடுத்த வழக்கில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, ஒருவரின் பாலினத்தை ஏற்க அறுவை சிகிச்சையைக் கட்டாயமாக்குவது ஒழுக்கக்கேடு, சட்டவிரோதம் என்று சொன்னது. கொள்கை அளவில் விடை அதுதான்.

நடைமுறையில் அலுவலகங்கள் காகிதம் கேட்கும். 2019ஆம் ஆண்டின் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டபோது அதில் இரண்டு படிகள் வைக்கப்பட்டன. மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பித்துத் திருநர் என்று அடையாளச் சான்றிதழ் பெறுவது ஒரு படி. அறுவை சிகிச்சைக்குப் பின் ஆண் என்றோ பெண் என்றோ திருத்திய சான்றிதழ் பெறுவது அடுத்த படி. இந்த விதிகள் திருத்தத்துக்கு உட்பட்டவை என்பதால், விண்ணப்பிக்கும் நாளில் நடப்பில் இருப்பது எது என்று மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர் என்று இருந்தால் முதலில் அரசிதழில் பெயர் மாற்றத்தை முடியுங்கள். பாலினத்தைவிடப் பெயர்க் குழப்பமே பல கோப்புகளை நிறுத்தி வைக்கிறது.

எந்தச் சட்டத்தில் திருமணம் செய்வது நல்லது?

இருவரும் இந்துக்கள் என்றால் இந்து திருமணச் சட்டம் போதும். கோயில் கிடைக்கவில்லை, ஐயர் வரமாட்டார் என்ற கவலையே வேண்டாம். அண்ணா முதலமைச்சராக இருந்தபோது தமிழ்நாடு சேர்த்த 7ஏ பிரிவின்படி, உறவினர்கள், நண்பர்கள் அல்லது வேறு யார் முன்னிலையிலாவது இருவரும் ஒருவரை ஒருவர் வாழ்க்கைத் துணையாக ஏற்பதாகத் தங்களுக்குப் புரிந்த மொழியில் சொல்லி, மாலையோ மோதிரமோ மாற்றினால், அல்லது தாலி கட்டினால் திருமணம் முடிந்தது. இந்தச் சுயமரியாதைத் திருமணத்துக்குப் பெரிய கூட்டமோ பொது அறிவிப்போ தேவையில்லை என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வீட்டாரின் மிரட்டலுக்கு நடுவே திருமணம் செய்யும் இணைகளுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல்! அரை நூற்றாண்டுக்கு முன் புரோகிதர் இல்லாத திருமணத்துக்காகப் போராடியவர்கள் திறந்த வழி, இன்று திருநருக்கும் பயன்படுகிறது.

மதம் வேறு என்றால் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். அதில் ஒரு சிக்கல் உண்டு: 30 நாள் அறிவிப்பு. உங்கள் பெயரும் முகவரியும் அலுவலகப் பலகையில் ஒட்டப்படும், யாரும் பார்க்கலாம். வீட்டில் ஆபத்து இருந்தால் அந்த 30 நாளும் எங்கே பத்திரமாக இருப்பது என்பதை முடிவு செய்துவிட்டுத்தான் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

எந்த முறையில் செய்தாலும் பதிவு கட்டாயம். தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009 எல்லா மதத்தினருக்கும் பொருந்தும். திருமண நாளிலிருந்து 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும்.

பதிவாளர் முடியாது என்று சொன்னால்?

வாய்மொழி மறுப்பை வாங்கிக்கொண்டு திரும்பி வராதீர்கள். எழுத்தில் காரணம் கேளுங்கள். மேலே சொன்ன அருண்குமார், சுப்ரியோ தீர்ப்புகள் இரண்டின் நகலையும் விண்ணப்பத்தோடு இணையுங்கள். எழுத்தில் தர மறுத்தால் விண்ணப்பத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி ஒப்புகை அட்டையை வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து மாவட்டப் பதிவாளர், அப்புறம் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. தூத்துக்குடித் தம்பதி போன வழியும் இதுதான். அவர்களுக்கு எழுத்தில் வந்த மறுப்பு ஆணைதான் வழக்குக்கு அடிப்படையாக இருந்தது.

கூவாகத்தில் தாலி கட்டிக்கொண்டேன். நான் திருமணமானவள் என்று கணக்காகுமா?

ஆகாது. சித்திரையில் கூத்தாண்டவர் கோயிலில் கட்டிக்கொள்வது அரவானுக்காகக் கட்டும் தாலி. அது வழிபாடு. நீங்கள் அதன்பின் யாரைத் திருமணம் செய்தாலும் அது சட்டத்தின் பார்வையில் முதல் திருமணம்தான்.

வீட்டார் என்னைப் பூட்டி வைத்தால், அடித்துத் துரத்தினால், துணையிடமிருந்து பிரித்துக் கொண்டுபோனால்?

பூட்டி வைப்பதும் துரத்துவதும் இரண்டும் தவறு. 2019 சட்டத்தின் 12ஆம் பிரிவு, திருநர் என்ற காரணத்துக்காக ஒரு குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது என்கிறது. பெற்றோரோ நெருங்கிய குடும்பத்தாரோ வாழும் வீட்டில் திருநருக்கும் வாழும் உரிமை உண்டு என்கிறது. வீட்டை விட்டோ ஊரை விட்டோ வெளியேற்றுவது 18ஆம் பிரிவில் குற்றம்: 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை. (சட்டம் இயற்றப்பட்டபோது அதே பிரிவில் உடல்ரீதியான, பாலியல் வன்முறைக்கும் உச்ச வரம்பு இதே 2 ஆண்டுதான். ஒரு பெண்ணுக்கு நடந்தால் ஆயுள் தண்டனை வரை போகக்கூடிய கொடுமை திருநருக்கு நடந்தால் மட்டும் ஏன் இவ்வளவு மலிவு என்ற கேள்வியை இந்தச் சட்டம் வந்த நாளிலிருந்தே திருநர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். சரியான கேள்வி.)

துணையைக் கடத்திக்கொண்டு போய்விட்டால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு. வயது வந்தவர் நீதிபதி முன் நின்று தன் விருப்பத்தைச் சொல்வதற்கு மிஞ்சிய சாட்சி கிடையாது. 'ஆள் காணவில்லை' என்று வீட்டார் தரும் புகாரை வைத்துக் காவலர்கள் தொல்லை கொடுத்தால், தமிழ்நாடு காவல் துறையினரின் நடத்தை விதிகளில் 2022இல் சேர்க்கப்பட்ட 24-சி விதியைச் சுட்டிக்காட்டுங்கள். பால்புதுமையினரையும் (திருநர், தன்பாலின ஈர்ப்பினர் போன்றோரையும்) அவர்களுக்காக உழைப்பவர்களையும் துன்புறுத்தக் கூடாது என்பதே அந்த விதி. சுஷ்மா எதிர் காவல் ஆணையர் வழக்கில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் பிறப்பித்த உத்தரவுகளின் விளைவு அது.

எனக்கு ஏற்கெனவே திருமணம் ஆகியிருக்கிறது. இப்போதுதான் என்னை வெளிப்படுத்தப் போகிறேன். திருமணம் தானாக முறிந்துவிடுமா?

முறியாது. பாலினம் மாறினால் திருமணம் ரத்து என்று இந்தியச் சட்டத்தில் எங்கும் இல்லை. நீதிமன்றம் விவாகரத்துத் தராதவரை நீங்கள் திருமணமானவர்தான். ஆகவே அதற்குள் இன்னொரு திருமணம் செய்தால் அது செல்லாது, இருதார மணக் குற்றமும் ஆகும். ஊர்ப் பஞ்சாயத்தில் பேசி எழுதிக்கொண்ட 'தீர்த்துக்கட்டு' பத்திரத்தை நம்பி இருக்க வேண்டாம்.

இருவரும் பேச முடிகிற நிலையில் இருந்தால் பரஸ்பர சம்மத விவாகரத்து நல்லது. ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும்; மனுவுக்குப் பிந்தைய 6 மாதக் காத்திருப்பை நீதிமன்றம் தளர்த்தலாம். வீட்டார் கட்டாயப்படுத்திச் செய்து வைத்த திருமணம் என்றால் அதில் மாட்டிக்கொண்டவர் நீங்கள் மட்டும் இல்லை, உங்கள் கணவரோ மனைவியோகூட. அவரோடு முடிந்தவரை நேர்மையாகப் பேசுங்கள்.

குழந்தைகள் பற்றிய பயம்தான் இதில் பெரிது. திருநர் என்பதற்காகப் பெற்றோர் உரிமை போகும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. குழந்தை யாரிடம் இருப்பது என்பதை முடிவு செய்ய நீதிமன்றம் பார்க்க வேண்டியது குழந்தையின் நலனை. எதிர்த் தரப்பு வழக்கறிஞர் உங்கள் உடையைப் பற்றிப் பேசுவார். நீங்கள் பள்ளிக் கட்டணம் கட்டிய ரசீது, தடுப்பூசி அட்டை, ஆசிரியரோடு பேசிய செய்திகள் என்று குழந்தையின் அன்றாடத்தில் நீங்கள் இருப்பதைக் காட்டுங்கள்.

இனிமேல் திருமணம் செய்யப் போகிறவர்களுக்கு: திருமணத்துக்கு முன்பே துணையிடம் சொல்லிவிடுங்கள். முக்கியமான உண்மையை மறைத்துச் சம்மதம் பெற்றதாகக் காட்டி, அது தெரியவந்த ஓராண்டுக்குள் திருமணத்தை ரத்து செய்யக் கோர சட்டத்தில் இடம் இருக்கிறது.

கணவர் கைவிட்டுவிட்டார். ஜீவனாம்சம் கேட்கலாமா? அடித்தால் புகார் தரலாமா?

இரண்டும் முடியும். இங்கேதான் பதிவுச் சான்றிதழின் அருமை தெரியும். சில ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்து, சம்பாதித்ததையெல்லாம் கொடுத்துவிட்டு, வீட்டார் பார்த்த பெண்ணை அவர் கட்டிக்கொண்டு போனபின் வெறும் கையோடு நிற்கும் திருநங்கைகள் ஏராளம். 'மனைவி என்பதற்கு என்ன ஆதாரம்?' என்ற ஒற்றைக் கேள்வியில் அவர்கள் தோற்றுப் போகிறார்கள்.

குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ், அறுவை சிகிச்சை செய்துகொண்ட திருநங்கை நிவாரணம் கேட்கலாம் என்று மும்பை உயர் நீதிமன்றம் 2023இல் சொன்னது. ஆணைத் திருமணம் செய்த திருநங்கை, கணவர் வீட்டுக் கொடுமைக்கு எதிராகப் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 498ஏ பிரிவில் (இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 85ஆம் பிரிவு) புகார் தரலாம் என்று ஆந்திர உயர் நீதிமன்றம் 2025 ஜூனில் சொன்னது. ஆனால் அந்த வழக்கில் குற்றச்சாட்டுக்கு வலு சேர்க்கும் விவரம் இல்லை என்று வழக்கை ரத்து செய்துவிட்டது. அடிபட்டால் அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்க் காயத்தைப் பதிவு செய்யுங்கள். கொடுக்கும் பணத்தை வங்கி வழியாகக் கொடுங்கள். இந்து திருமணச் சட்டத்தின் 24, 25ஆம் பிரிவுகளில் ஜீவனாம்சம் கணவன், மனைவி இருவரில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்பதால் அங்கே பாலின வாதத்துக்கே வேலை குறைவு.

குழந்தையைத் தத்தெடுக்க முடியுமா?

பதிவு செய்த திருமணம் இருந்தால் வழி இருக்கிறது. மத்தியத் தத்தெடுப்பு ஆணையமான காராவின் 2022 விதிகளின்படி தம்பதி என்றால் குறைந்தது இரண்டு ஆண்டு நிலையான மண வாழ்க்கை வேண்டும். திருமணம் ஆகாத இணைகள் சேர்ந்து தத்தெடுக்க முடியாது; சுப்ரியோ வழக்கில் இதை மாற்ற இரண்டு நீதிபதிகள் முன்வந்தும், மூவரின் பெரும்பான்மை ஏற்கவில்லை. தனியாக இருப்பவர்களுக்கான விதி, ஒற்றைப் பெண் எந்தக் குழந்தையையும் தத்தெடுக்கலாம், ஒற்றை ஆண் பெண் குழந்தையைத் தத்தெடுக்கக் கூடாது என்று இரண்டே பிரிவுகளை வைத்து எழுதப்பட்டது. திருநர் எந்தப் பிரிவில் நிற்பது என்று அது சொல்லவில்லை.

இந்து தத்தெடுப்புச் சட்டமும் (1956) அப்படித்தான்: 'இந்து ஆண்', 'இந்துப் பெண்' என்று பேசுகிறது. மணமகள் என்பதில் திருநங்கை அடங்குவார் என்றால் 'இந்துப் பெண்' என்பதிலும் அடங்கத்தான் வேண்டும் என்பது என் வாசிப்பு. வழக்கறிஞர் வைத்து வாதாடத் தகுந்த வாசிப்பு. ஆனால் குழந்தையை வைத்துக்கொண்டு அந்த வாதத்தில் இறங்குவதைவிட, தத்துப் பத்திரத்துக்கு முன்பே சட்ட ஆலோசனை பெறுவது நல்லது. யாரோ விட்டுவிட்டுப் போன குழந்தையைக் காகிதம் இல்லாமல் வளர்க்க மட்டும் வேண்டாம். எவ்வளவு அன்பாக வளர்த்தாலும் ஒரு புகாரில் குழந்தை பிரிக்கப்பட்டுவிடும். குழந்தைகள் நலக் குழுவிடம் முதல் நாளே தெரிவியுங்கள்.

வாடகைத்தாய், செயற்கைக் கருத்தரிப்பு?

2021ஆம் ஆண்டின் வாடகைத்தாய்ச் சட்டம் திருமணமான ஆண் – பெண் தம்பதிக்கும், 35 முதல் 45 வயது வரையிலான விதவை, விவாகரத்தான பெண்ணுக்கும் மட்டுமே. ஹார்மோன் சிகிச்சை தொடங்கப் போகிறவர்கள், அறுவைக்கு நாள் குறித்தவர்கள், கருமுட்டையையோ விந்தையோ உறைய வைத்துச் சேமிப்பது பற்றி அதற்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும். பின்னால் கேட்டுப் பயனில்லை.

திருநம்பி பெற்ற குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் யார் தாய், யார் தந்தை?

2023இல் கோழிக்கோட்டில் ஒரு திருநம்பிக்கும் திருநங்கைக்கும் குழந்தை பிறந்தது. பெற்றெடுத்தவர் திருநம்பி. மாநகராட்சி அவரைத் தாய் என்று பதிந்தது. தந்தை, தாய் என்ற இரண்டையும் எடுத்துவிட்டுப் 'பெற்றோர்' என்று மட்டும் போடச் சொல்லி அவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2025 ஜூனில் கேரள உயர் நீதிமன்றம் அப்படியே சான்றிதழ் தர உத்தரவிட்டது. தமிழ்நாட்டில் இதே நிலை வந்தால் அந்தத் தீர்ப்பை எடுத்துக்காட்டிக் கேட்கலாம். பள்ளிச் சேர்க்கை வரும்வரை தள்ளிப் போடாதீர்கள்.

அப்பா சொத்தில் எனக்குப் பங்கு உண்டா?

உண்டு. தமிழ்நாட்டில் 1989 முதலும், நாடு முழுக்க 2005 முதலும் இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. ஆகவே உங்களை மகன் என்றாலும் மகள் என்றாலும் பங்கு ஒன்றுதான். தந்தை தானே சம்பாதித்ததை உயில் எழுதி யாருக்கும் கொடுக்கலாம். உயில் இல்லையென்றால் அதிலும் உங்களுக்குச் சம பங்கு.

பங்கு பறிபோவது சட்டத்தால் இல்லை. தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழில் உங்கள் பெயரை விட்டுவிடுவார்கள். 'அவன் ஓடிப்போய் ரொம்ப வருஷம் ஆச்சு' என்று ஒரு வரி போதும். அல்லது அம்மாவின் கண்ணீரைக் காட்டி பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவார்கள். வீட்டில் ஒரு சாவு என்று கேள்விப்பட்டால் வாரிசுச் சான்றிதழ் விண்ணப்பம் போயிருக்கிறதா என்று தாலுகா அலுவலகத்தில் விசாரியுங்கள், எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள். பழைய பெயரும் இன்றைய பெயரும் ஒரே ஆள்தான் என்பதைக் காட்ட அரசிதழ் நகல் உதவும். கூட்டுக் குடும்பச் சொத்திலிருந்து உங்களை ஒதுக்கியது தெரியவந்த நாளிலிருந்து 12 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும்.

எனக்குப் பின் என் சொத்து யாருக்கு? என் குருவுக்கும் சேலாக்களுக்கும் போகுமா?

எழுதி வைக்காவிட்டால் ஜமாத் உறவுக்கு (திருநங்கைச் சமூகத்தில் குரு அம்மாவாகவும் சேலா மகளாகவும் வாழும் உறவு) போகும் என்று நம்பி இருக்க முடியாது. 2019 சட்டமே குடும்பம் என்றால் இரத்தம், திருமணம், சட்டப்படியான தத்து ஆகிய மூன்றின்வழி உறவு என்றுதான் வரையறுக்கிறது. வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டவளைச் சேர்த்து, சோறு போட்டு, நோயில் பார்த்துக்கொண்ட அம்மாவுக்கும் மகளுக்கும் அந்த வரையறையில் இடமில்லை. துரத்திய அண்ணன் வாரிசாகிறார். அடக்கம் முடிந்த மறுநாளே ஊரிலிருந்து வந்து வீட்டைப் பூட்டுகிறார். இந்தச் சட்டத்தில் எனக்கு ஆறவே ஆறாத குறை இது.

இன்னொரு சிக்கலும் உண்டு. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் ஆண் இறந்தால் ஒரு வரிசை, பெண் இறந்தால் வேறு வரிசை. ஆணின் சொத்தில் அம்மாவுக்கு முதல் வரிசையிலேயே பங்கு உண்டு. பெண்ணின் சொத்தில் பிள்ளைகள், கணவன், பிறகு கணவனின் வாரிசுகள், அதற்கும் பிறகுதான் பெற்றோர். இறந்த திருநருக்கு எந்த வரிசை என்பதை வைத்தே ஒரு வழக்கு நடக்கலாம்.

இத்தனைக்கும் ஒரே மருந்து உயில். வெள்ளைத்தாளில் எழுதலாம், முத்திரைத்தாள் வேண்டாம். நீங்கள் கையெழுத்திடுவதைப் பார்த்த இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும்; சொத்து பெறுபவர் சாட்சியாக வேண்டாம். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள். பழைய பெயர், இன்றைய பெயர் இரண்டையும் உயிலில் எழுதுங்கள். முஸ்லிம்களுக்குப் பொதுவாக மூன்றில் ஒரு பங்கு வரைதான் உயில் எழுத முடியும். அவர்கள் உயிரோடு இருக்கும்போதே தானமாகக் கொடுப்பது பற்றி ஆலோசனை பெறலாம்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லை. என்ன செய்வது?

ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, தாலுகாவிலும் குழு உண்டு. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் உள்ளிட்ட சிலருக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச வழக்கறிஞர். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம். போகும்போது ஆதார், திருநர் அடையாள அட்டை, அரசிதழ் பெயர் மாற்றம், திருமணத்தின் புகைப்படங்கள், பதிவாளர் தந்த மறுப்புக் கடிதம் இருந்தால் அது என எல்லாவற்றிலும் இரண்டு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். அசலை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.